எட்டுப் பேர் ஏறும் லிஃப்டும் கட்டணக் குழுவும்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உறைக்குள் நான்கு தாள்கள் இருந்தன. முதல் தாளில் கட்டணக் குழுத் தலைவர் பெற்றோர்களை அன்போடு வணங்கியிருந்தார். இரண்டாவது தாளில், உயர்கல்விச் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பற்றி, மழை பெய்வதைப் பற்றிச் சொல்கிற மாதிரி, யாருக்கும் அதில் கை இல்லாதது போன்ற வருத்தத்தோடு எழுதியிருந்தார். மூன்றாவது தாளில் வருத்தம் இல்லை. ‘எதிர்கால உறுதிக் கட்டணம்’ என்று ஒரு புதுப் பெயர், அதற்கு எதிரே ஒரு தொகை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்று ஒரு கெடு. கட்டாதவர்களுக்கு இறுதியாண்டுத் தேர்வின் நுழைவுச்சீட்டு கிடையாது.

நான்காவது தாள் ஒரு கருத்துக்கேட்புப் படிவம். ஒரே கேள்வி. ‘ஏறிவரும் உயர்கல்விச் செலவை யார் ஏற்க வேண்டும் என்று நீங்கள் சுதந்திரமாகக் கருதுகிறீர்கள்? (அ) மாணவர் (ஆ) மாணவரின் பெற்றோர் (இ) இருவரும் சேர்ந்து.’

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“நாலாவது பதில் எங்கம்மா?” என்று மகளைக் கேட்டார்.

“அவ்வளவுதாம்ப்பா. சுதந்திரமா மூணுல ஒண்ணு.”

தொகை அவருடைய மூன்று மாதச் சம்பளம். ஏற்கெனவே இந்த வருடக் கட்டணத்துக்காக ஸ்கூட்டர் போய்விட்டது. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். மனைவியின் இரண்டு வளையல்களும், முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் சேர்ந்தால் பாதி தேறும். பாதியைக் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் கட்ட ஒரு வழி இருந்தது. அதற்குக் கட்டணக் குழுவின் விசாரணையில் பெற்றோர் நேரில் கலந்துகொண்டு, பதிவாளரிடம் ‘தவணை அனுமதி’ வாங்க வேண்டும். விசாரணையும் அதே வெள்ளிக்கிழமைதான். மூன்று மணிக்கு.

அன்று அந்தப் பாதிப் பணத்தோடு இரண்டு மணிக்கே தகப்பனும் மகளும் போய்விட்டார்கள். தரைத்தளத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு கவுண்டர் அம்மா, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

“விசாரணையா? பங்கேற்புக் கட்டணம் கட்டுங்க.”

“கட்டணம் கட்ட முடியலன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்கோம்.”

“தெரியும். அதைச் சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டணம்.” அவள் ரசீதைக் கிழித்தாள். “என்னை மொறைக்காதீங்க. என் பையனும் இங்கதான் படிக்கிறான். எனக்கு ஊழியர் சலுகை உண்டு.”

“எவ்வளவு குறைப்பாங்க?”

“படிவம் இலவசம்.” டக்கென்று முத்திரை விழுந்தது. “ஏழாவது மாடி. லிஃப்ட் மூணு வாரமா ஓடல. படியில போங்க.”

லிஃப்ட் வாசலில்தான் முழுக் குழுவும் நின்றுகொண்டிருந்தது. ஏழு பேர். எட்டாவதாக ஓர் உதவியாளர், தலையில் ஒரு நாற்காலியோடு. அது தலைவருடைய நாற்காலி. தேக்கு மரம், ஆளுயர முதுகு, உச்சியில் பல்கலைக்கழகச் சின்னம். அவர் எந்த அறையில் உட்கார்ந்தாலும் அதில்தான் உட்காருவார் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றப்பட்டிருந்தது. அதனால் ஊழியர்கள் அவரைத் தங்களுக்குள் ‘தேக்கு’ என்று கூப்பிட்டார்கள்.

குழு படியேறாது. போன இரண்டு விசாரணையும் இதனால்தான் தள்ளிப்போயின. கட்டணம் மட்டும் தள்ளிப்போகவில்லை.

“லிஃப்டுக்கு என்ன சார் ஆச்சு?” என்று மெக்கானிக் கேட்டார்.

“அதைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கோம்,” என்றார் பதிவாளர். “அந்தக் குழுவோட அறை ஏழாவது மாடியில இருக்கு. அவங்களால மேல போக முடியல.”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு காகிதக் கிளிப்பு குறுக்கே செருகியிருந்தது. சட்டைப்பையில் இருந்த திருப்புளியை எடுத்து ஒரு நெம்பு நெம்பினார். மூன்று வாரமாக வாயைப் பிளந்துகொண்டு நின்ற கதவு வாயை மூடியது.

குழு கை தட்டியது. “இதுதான் சமூகப் பங்கேற்பு!” என்றார் தலைவர். “பெற்றோர் நம்மோட சேர்ந்து சுமக்கத் தயாரா இருக்காங்க. குறிச்சுக்கோங்க.”

குறித்துக்கொண்டார்கள்.

குழு இரண்டு நடையாக லிஃப்டில் மேலே போயிற்று. முதல் நடையில் தலைவரும் நாற்காலியும். இரண்டாவது நடையில் மற்றவர்கள். பெற்றோருக்கும் மாணவருக்கும் லிஃப்டில் அனுமதி இல்லை என்று ஒரு பலகை இருந்ததால், அதை ஓடவைத்தவர் மகளோடு படியில் ஏறினார்.

விசாரணை அறையில் நீள மேசை. குழுவுக்கு எதிரே ஒரே ஒரு ஸ்டூல். மேசையின் கடைசியில் ஒரு காலி இடம், அதில் ‘மாணவர் பிரதிநிதி’ என்று பெயர்ப்பலகை.

“அவங்க இன்னும் வரலையா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“போன பருவத்துக் கட்டணம் கட்டாததால அவங்க பேரு நீக்கப்பட்டுடுச்சு,” என்றார் பதிவாளர். “ஆனா அவங்க இடத்தை மரியாதையா காலியாவே வச்சிருக்கோம். எந்தத் தீர்மானத்துக்கும் அங்கேயிருந்து எதிர்ப்பு வந்ததில்ல.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்து தொண்டையைச் செருமினார்.

“நான் படிச்ச காலத்துல எல்லாம் இலவசம். கட்டணம் கிடையாது, விடுதிக்குக் காசு கிடையாது, புத்தகம்கூட அரசாங்கமே கொடுத்துச்சு. விளைவு என்ன? படிப்போட அருமை தெரியாம போச்சு. பொறுப்பில்லாம வளர்ந்தோம். என்னையே பாருங்க.”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“அந்தத் துன்பம் அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது. அதுக்காகத்தான் இந்தக் கட்டணம்.”

குழுவில் இருந்த அத்தனை பேரும் இலவசமாகப் படித்தவர்கள். ஒவ்வொருவராகத் தாங்கள் பட்ட அந்தத் துன்பத்தை எடுத்துச்சொன்னார்கள். பொருளியல் நிபுணருக்கு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை வேறு கிடைத்திருந்தது. அவர் கண்ணே கலங்கிவிட்டது.

மெக்கானிக் ஸ்டூலில் நெளிந்தார். “செலவு ஏன் சார் ஏறுது?”

“நல்ல கேள்வி,” என்றார் பதிவாளர். “செலவு ஏன் ஏறுதுன்னு ஆராய ஒரு துறை ஆரம்பிச்சிருக்கோம். பதினாலு பேரு வேலை பாக்கறாங்க. அந்தத் துறைக்கான செலவு போன வருஷத்தவிட ஏறியிருக்கு.”

“பாடம் நடத்துறவங்களுக்குச் சம்பளம் கூடியிருக்கா?”

“இல்லையே. அவங்கள்ல பாதிப் பேரை மணிக்கணக்குக்கு மாத்தியாச்சு. அங்க சிக்கனமா இருக்கோம்.”

மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று ஆராய ஆள் போட்டது மாதிரி இருந்தது. அதை மெக்கானிக் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். தவணை அனுமதி இன்னும் கையில் வரவில்லை.

பொருளியல் நிபுணர் விரலை நிமிர்த்தினார். “கொள்கை ரொம்ப எளிமை. யார் பயன்பெறுறாங்களோ அவங்க கட்டணும். உங்க பொண்ணு என்ன படிக்கிறாங்க?”

“தண்ணியைப் பத்தி,” என்றாள் மகள். “குடிநீர்ல என்னென்ன கலந்திருக்கு, அதை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு.”

“சரி. அதனால யாருக்குப் பயன்?”

“தண்ணி குடிக்கிறவங்களுக்கு.”

அறையில் கொஞ்சம் சலசலப்பு. தொழிலதிபர் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“அப்படிப் பார்த்தா ஊரே கட்டணும்,” என்றார் அரசுப் பிரதிநிதி. “ஆனா ஊருக்கு ரசீது அனுப்ப முடியாதே. அரசாங்கம் எப்பவும் மாணவர்கள் பக்கம்தான் நிக்குது. நிக்கிறதுக்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படல. அதனால தொடர்ந்து நிப்போம்.”

“எங்களால கட்ட முடியாது,” என்றார் தொழிலதிபர். “படிச்சு வர்ற பசங்களுக்கு நாங்க வேலை குடுக்கிறோம். அதுவே பெரிய செலவு. அவங்களால எங்களுக்கு லாபம் வருதுங்கறது உண்மைதான், ஆனா அது எங்க திறமை.”

வங்கி மேலாளர் ஒரு வழவழப்பான தாளை மேசையில் தள்ளினார். “இப்ப கடன் வாங்கினா, பாப்பா தன்னோட ஐம்பத்திரண்டாவது வயசுல சுதந்திரமாயிடலாம்.”

மாணவர் மகிழ்ச்சித் துறை இயக்குநர் மட்டும் எதுவும் பேசாமல் மகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

“பாருங்க,” என்று பொருளியல் நிபுணர் முடித்தார். “பயன்பெறுறவங்க நிறையப் பேர் இருக்காங்க. மறுக்கல. ஆனா எங்க பதிவேட்டுல முகவரி இருக்கிறது உங்க ஒருத்தருக்குத்தான்.”

மெக்கானிக்கின் காது சூடேறியது. மகள் அவர் முழங்கையைத் தொட்டாள். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“சார், எனக்குப் படிப்பு அவ்வளவா கிடையாது. லிஃப்ட் தெரியும். இருபத்தாறு வருஷமா அடுக்குமாடி வீடுங்கள்ல வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஒரே சண்டை. கீழ்வீட்டுக்காரர், ‘நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல, நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?’னு குதிப்பாரு. மொட்டைமாடியில தண்ணித்தொட்டி இருக்கும். அதைக் கழுவ ஆளு, குளோரின், பம்புக்குச் சாமான் எல்லாம் லிஃப்ட்லதான் மேல போவும். அந்தத் தண்ணிதான் கீழ்வீட்டுக் குழாய்ல வருது. லிஃப்ட் நின்னா மொதல்ல நாறுறது அவரு வீட்டு சமையலறைதான். அதனால கடைசியில எல்லா வீடும் சேர்ந்துதான் கொடுப்பாங்க. பெரிய வீடு கொஞ்சம் கூட, சின்ன வீடு கொஞ்சம் கம்மி. படிப்பும் அப்படித்தானே சார்?”

பதிவாளரின் பேனாகூட நின்றது. மகளுக்கு அப்பாவை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அருமை,” என்று மெதுவாகச் சொன்னார் தலைவர். “அற்புதமான யோசனை. இத்தனை நாள் நமக்குத் தோணாம போச்சே! லிஃப்டுக்கு மாணவர்கள்கிட்ட நாம தனியா எதுவுமே வாங்கறதில்ல!”

இரண்டே நிமிடத்தில் ‘ஏற்றக் கட்டணம்’ நிறைவேறியது. வகுப்பறை எந்த மாடியோ அதற்கேற்ற தொகை. தண்ணீர்த் துறை ஏழாவது மாடியில் இருந்தது. மாணவர்களுக்கு லிஃப்டில் அனுமதி இல்லையே என்று மகள் சொன்னபோது, கட்டணம் உயரத்துக்குத்தானே தவிர லிஃப்டுக்கு அல்ல என்று பொருளியல் நிபுணர் விளக்கினார். யோசனை கொடுத்த பெற்றோருக்குக் குழு நன்றி தெரிவித்துக்கொண்டது. மெக்கானிக் தன் நாக்கையே பிடுங்கிக்கொள்ளலாம் போல உட்கார்ந்திருந்தார்.

“தவணை அனுமதி?” என்றார்.

“கொடுத்தாச்சே!” என்றார் பதிவாளர். “முதல் பாதியை இன்னிக்கே கட்டிடுங்க. என் கையெழுத்தும் முத்திரையும் வேணும். முத்திரை கீழ கவுண்டர்ல இருக்கு. நான் இறங்கி வந்து போட்டுடறேன். ஐந்து மணிக்குள்ள கட்டலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, விதி அப்படி.”

மணி நாலே முக்கால்.

குழு லிஃப்டுக்குக் கிளம்பியது. கூட்டம் வெற்றிகரமாக முடிந்ததால் எல்லோரும் ஒன்றாக இறங்குவதென்று முடிவாயிற்று. முதலில் தலைவர் ஏறி, பின்சுவரில் முதுகு சாய நின்றார். அவர் முன்னால் நாற்காலி. பிறகு பதவி வரிசைப்படி மற்றவர்கள், கோப்புப் பெட்டிகளோடு. கடைசியில் உதவியாளர். பதிவாளர் உள்ளேயிருந்து கையசைத்தார். “வாம்மா, நீயும் ஏறு. இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்ல. கீழ போனதும் போட்டுத் தர்றேன்.”

மகள் தயங்கி, ஒரு காலை வைத்து, உள்ளே ஒடுங்கி நின்றாள்.

கீங்ங்ங் என்று அலறியது லிஃப்ட்.

பதினாறு கண்கள் அவள்மேல் திரும்பின.

“கடைசியா ஏறினவங்க இறங்கிடறதுதான் முறை,” என்றார் பொருளியல் நிபுணர்.

“சார், அவ நாற்பத்தி மூணு கிலோ,” என்றார் வெளியே நின்ற மெக்கானிக். “உள்ள தேக்கு மரமே ஒரு ஆளுக்குமேல கனம் இருக்கு. பெட்டி வேற. பலகையைப் பாருங்க. எட்டுப் பேர், ஐந்நூத்தி நாற்பத்து நாலு கிலோ.”

“யார் கனம்ங்கறது இல்ல கேள்வி. அவங்க ஏறுற வரைக்கும் சத்தம் வரலையே?”

மகள் வெளியே வந்தாள். லிஃப்ட் ஒரு விநாடி வாயை மூடியது. உள்ளே நிம்மதியாக எல்லோரும் மூச்சை இழுத்துவிட்டு, ஒடுங்கியிருந்த கைகால்களைப் பரப்பிக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே விட்டுப்போன கடைசிக் கோப்புப் பெட்டியை நின்ற இடத்திலிருந்தே எட்டி எடுத்து உதவியாளர் உள்ளே வைத்தார்.

கீங்ங்ங்.

மறுபடியும் எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் லிஃப்டைவிட்டு நாலடி தள்ளி நின்றாள்.

“அவங்க ஏறினதோட பாதிப்பு இன்னும் இருக்கு போல,” என்றார் பொருளியல் நிபுணர்.

“அந்தப் பெட்டியை வெளிய வைங்க சார்,” என்றார் மெக்கானிக்.

பெட்டியில் அன்றைய தீர்மானங்கள் இருந்தன. தீர்மானங்கள் குழுவைப் பிரிந்து போகக்கூடாது.

“அப்ப நாற்காலிய இறக்குங்க.”

உதவியாளர் பயந்துபோய்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

“அப்ப யாராவது ஒருத்தர் இறங்கிப் படியில வாங்க. ஒருத்தர் போதும்!”

அங்கேதான் சிக்கல். தலைவருக்கு முன்னால் குழுவினரோ ஊழியரோ எந்த வாசலையும் தாண்டக்கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் நாற்பது வருட மரபு. தலைவரோ எல்லோருக்கும் பின்னால், சுவரோடு சுவராக நின்றார். மற்றவர்கள் வெளியே வந்தால்தான் அவர் வெளியே வர முடியும். அவர் வெளியே வந்தால்தான் மற்றவர்கள் வரலாம். கதவு ஆவென்று திறந்திருந்தது. யாரும் அசையவில்லை.

“இதைப் பத்தி ஒரு துணைக்குழு…” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது.

மணி நாலு ஐம்பத்தொன்று.

“சார், கையெழுத்து மட்டும் இங்கயே போட்டுடுங்களேன்,” என்று மகள் படிவத்தை நீட்டினாள். “மூணு வருஷம் படிச்சிருக்கேன் சார். திங்கட்கிழமை தேர்வு.”

பதிவாளரின் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. “எனக்கும் ஆசைதாம்மா. ஆனா முத்திரை இல்லாம கையெழுத்துப் போட்டா செல்லாதே.” பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “ஏங்க, உங்களால அந்தச் சத்தத்தை மட்டுமாவது நிறுத்த முடியுமா? பேச்சே கேக்கல.”

மெக்கானிக் அந்த எட்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் இப்படிக் கேட்டவர்கள் இதற்கு முன்னும் உண்டு. யாரும் இறங்குவதில்லை, சத்தம்தான் அவர்களை உறுத்தும்.

“முடியும் சார்,” என்றார். “ஒரு ஒயரைக் கழட்டினா நிக்கும். ஆனா கழட்ட மாட்டேன். அது நிறுத்துறதுக்கு வச்சதில்ல. உங்க காதுல விழறதுக்கு வச்சது.” மகளின் கையைப் பிடித்தார். “வாம்மா.”

ஏழு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்கள். சத்தம் லிஃப்ட் குழி வழியாகக் கூடவே இறங்கி வந்தது.

தரைத்தளத்தில் கவுண்டர் அம்மா கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். நாலு ஐம்பத்தேழு.

“பதிவாளர் கையெழுத்து எங்க?”

“அவரு லிஃப்ட்ல நிக்கிறாரும்மா,” என்று மூச்சு வாங்கினார் மெக்கானிக். “எட்டுப் பேரும். கதவு திறந்துதான் இருக்கு. எறங்க மாட்டேங்கறாங்க.”

“ஏன்?”

அவர் சொன்னார். நாற்காலி, பெட்டி, மரபு, எல்லாவற்றையும். கவுண்டர் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு அந்த அலறலைக் கேட்டாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, முகம் வேறு மாதிரி ஆயிற்று. மூக்கு நுனியில் இருந்த கண்ணாடியை மேலே தள்ளினாள்.

“அப்ப அவரு அலுவலகத்துல இல்ல.”

“இந்தக் கட்டடத்துலதான் இருக்காரு…”

“கட்டடம் வேற, அலுவலகம் வேற. லிஃப்ட் எந்த அலுவலகத்தோட பட்டியல்லயும் இல்ல. பட்டியல் போட்டவளே நான்தான்.” மேசைக்கடியிலிருந்து தடித்த விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடாமலே விரித்தாள். “பதிவாளர் அலுவலகத்தில் இல்லாத நேரத்தில், அலுவலகத்திலுள்ள மூத்த ஊழியர் பொறுப்புக் கையெழுத்திடலாம். இங்க என்னைவிட மூத்தது இந்த மேசைதான். பணத்தை எடுங்க.”

நாலு ஐம்பத்தொன்பதுக்கு முத்திரை விழுந்தது. அன்று பகல் முழுக்க விழுந்ததைவிடப் பலமாக. கையெழுத்துக்குக் கீழே ‘பதிவாளர் (பொறுப்பு)’ என்று நிறுத்தி எழுதினாள்.

“உங்களுக்கு எதும் பிரச்சினை வருமா?” என்றாள் மகள்.

“வரட்டும். போய்ப் படிடீ.”

மகள் தேர்வு எழுதினாள்.

குழு அன்று லிஃப்டில் நின்றது ஒரு மணி இருபது நிமிடம். கடைசியில் மின்சாரம் போனதால் சத்தம் நின்றது; இருட்டில் யார் முதலில் வெளியே வந்தார்கள் என்பது பதிவாகவில்லை. அந்த நேரம் முழுவதும் ஒரு சிறப்புக் கூட்டமாகக் கணக்கில் கொள்ளப்பட்டு, உறுப்பினர்களுக்கு ஒன்றரை மடங்கு படி வழங்கப்பட்டது. கவுண்டர் அம்மாவிடம் விளக்கம் கேட்டார்கள். அவள் விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிரதிக்கான கட்டண ரசீதையும் இணைத்து அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக்குக் கடிதம் வந்தது. இந்த முறை இரண்டு விஷயம். ஒன்று, மீதித் தவணையோடு ஏழு மாடிக்கான ஏற்றக் கட்டணமும் சேர்த்துக் கட்டினால்தான் மகளுக்குச் சான்றிதழ். இரண்டு, அவருடைய சமூகப் பங்கேற்பை மெச்சி ஒரு சின்ன வேலை. லிஃப்டில் இருக்கும் ‘எட்டுப் பேர்’ பலகையைக் கழற்றிவிட்டு ‘பன்னிரண்டு பேர்’ என்று மாட்டித் தர வேண்டும். அலாரத்தை எடுத்துவிட வேண்டும்.

அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். “கயிறு? மோட்டார்? அதையும் மாத்தணுமே?”

“அதெல்லாம் செலவுங்க,” என்றது மறுமுனை. “பலகை போதும்.”

போனை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு அலமாரியில் இருந்த பழைய உறையைத் தேடி எடுத்தார். கருத்துக்கேட்புப் படிவம் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. மேசையில் வைத்து நீவிவிட்டார்.

“என்னப்பா, இப்பப் போய் அதை நிரப்பறீங்க?” என்றாள் மகள்.

“நாலாவது இல்லன்னு சொன்னேல்ல,” என்றார்.

(இ)-க்குக் கீழே, லிஃப்ட் அறைச் சுவரில் எச்சரிக்கை எழுதுகிற பெரிய எழுத்தில், (ஈ) என்று போட்டார். அதற்கு எதிரே, பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதினார்:

‘எடை கூடிவிட்டது. கடைசியாக ஏறியவரைப் பார்க்க வேண்டாம். கனமானவர் இறங்கவும்.’